மெர்சியின் கோப்பு

1

வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஒரு படிவம் வரும். பதினோரு பக்கம். என் மகள் மெர்சிக்கு அரசாங்கம் செய்துவரும் உதவிகள் தொடர வேண்டுமானால் அதை நிரப்பி, மூன்றாம் மாடியில் இருக்கும் சிறார் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தென் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் அந்தக் கட்டடத்துக்கு மட்டும்தான் லிஃப்ட் உண்டு. நான் அதில் ஏறுவதில்லை. படியில் ஏறினால் என்ன பேச வேண்டும் என்று யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஆறாம் பக்கத்தில் ஒரு கேள்வி. பிள்ளையிடம் வேறுபாட்டை முதன்முதலில் கவனித்தது எப்போது, கவனித்தவர் யார்? இரண்டு வருடமாக ஒரே பதிலைத்தான் எழுதினேன். மூன்றரை வயதில், மழலையர் பள்ளி ஆசிரியை. பொய்யை மாற்றி மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பதால் ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுவேன்.

போன வாரம் மூன்றாவது முறை. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கௌரி அக்கா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "இது போன வருசம் எழுதினதுதானே?"

"அதேதான்கா."

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து உண்மையான பதிலை இங்கே எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதுவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அந்த அலுவலகத்தில் யாருக்கும் இதை வாசிக்கத் தெரியாது, கௌரி அக்காவைத் தவிர. அவர் வாசித்தால் வாசிக்கட்டும்.

2

நான் பென்னலூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைபேசி செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றேன். வரிசையாக வரும் போனை எடுத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்க்க வேண்டும். சரியென்றால் பச்சைத் தட்டு, இல்லையென்றால் சிவப்புத் தட்டு. கையில் எடுக்கும்போதே எனக்குப் பழுது தெரிந்துவிடும் என்று சூப்பர்வைசர் எல்லோரிடமும் சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா ஆறு அறைகள் கட்டி கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான்காம் அறையில் இருந்தவர்தான் ஜெபராஜ். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் லாரி செய்யும் கம்பெனியில் மெஷின் பராமரிப்பில் சேர்ந்தவர். ஒரே சபைக்குப் போகிறவர்கள் என்பதால் பெரிய சண்டையில்லாமல் கல்யாணம் முடிந்தது. 2009 தொடக்கத்தில் மெர்சி பிறந்தாள்.

ஆறு அறைகளின் கதவோரத்திலும் ஆணியில் அடையாள அட்டைக் கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். மெர்சி நடக்க ஆரம்பித்ததும் தினமும் அந்தப் பக்கம் போய், எட்டும் உயரத்தில் தொங்குகிற கயிற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு வருவாள். முதல் அறையில் தொடங்கி ஆறாம் அறையில் முடியும். நடுவில் யாராவது தூக்கினால், விட்ட இடத்திலிருந்து இல்லை, திரும்பவும் முதல் அறையிலிருந்து தொடங்குவாள். "இன்னா அறிவு பாரு இந்தக் கொழந்தைக்கு" என்பார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் அண்ணி லதா, அண்ணனின் மனைவி, எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஊழியர். மாதா மாதம் குழந்தைகளைத் தராசில் போட்டு எடையைப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. மெர்சியின் எடை எப்போதும் சரியாக இருக்கும். அவளுக்கு ஒன்றரை வயது தாண்டிய சமயம், ஒருநாள் எடை போட்டுவிட்டு அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜெயா, நான் சொல்றேன்னு கோச்சுக்காத. இந்தப் புள்ள கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது. நாலு வாட்டி கூப்ட்டேன். மத்த புள்ளைங்க திரும்புதுங்க, இவ மட்டும் திரும்பல."

"வெளையாட்டு மும்முரத்துல கீறா அண்ணி."

"அது இல்லடி. மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறா. சுகாதார நிலையத்துல அடுத்த வாரம் கேம்ப் போடறாங்க. காது பாக்கற டாக்டர் வர்றாராம். ஒரு எட்டு போயிட்டு வந்துரு." ஒரு சீட்டை என் கையில் வைத்தார். மெர்சியின் பெயரை முன்பே எழுதிவிட்டிருந்தார்.

அந்த எழுதிய பெயர்தான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஜெபராஜை அவர் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பும் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. எங்களுக்கு நல்லது நடக்கப் போகிறது என்றதும் அண்ணிக்கு வயிறெரிகிறது என்று நினைத்தேன். யாரைக் கேட்டு என் பிள்ளை பெயரை எழுதினாய் என்று கேட்டு, சீட்டை அவர் கண்ணெதிரிலேயே கிழித்தேன். அங்கன்வாடியில் மூன்று தாய்மார்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். குழந்தைகள் வாயில் போட்டுவிடும் என்பதற்காக. அதன்பிறகு ஊரைவிட்டுக் கிளம்பும் நாள்வரை நான் அவரோடு பேசவில்லை.

ஆறாம் பக்கத்துக் கேள்விக்கு இதுதான் பதில். ஒன்றரை வயதில். என் அண்ணி.

3

2011 கடைசியில் இங்கே வந்தோம். விசாவுக்காகச் சென்னையில் படித்துப் பரீட்சை எழுதிய ஜெர்மன் மொழியை வைத்துக்கொண்டு ஆப்பிள் வாங்கலாம், ரயில் நேரம் கேட்கலாம். "என் பிள்ளை தன் கையைத் தானே கடிக்கிறாள்" என்று சொல்ல முடியாது. ஒருமுறை மழலையர் பள்ளியில் அப்படிச் சொல்லப் போய், நான் அவளைக் கடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியை முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டார்களா, அல்லது நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆசிரியை சொல்லி, டாக்டர் பார்த்து, இன்னொரு டாக்டர் பார்த்து, நான்கு வயதில் மெர்சிக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இனி அரசாங்கம் உதவும், பயிற்சிக்கு ஆள் தரும் என்றார்கள். உதவி எந்த அலுவலகத்திலிருந்து வரும் என்று கேட்டேன், சிறார் நல அலுவலகம் என்றார்கள். சரியாக வளர்க்காத பெற்றோரிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும் அதே அலுவலகம். இங்கே நம் ஆட்கள் நான்கு பேர் கூடினால் அதைப்பற்றி ஒரு கதையாவது வரும். அடித்தார்கள் என்று எடுத்துப் போனார்கள், கத்தினார்கள் என்று எடுத்துப் போனார்கள். யாருக்கு நடந்தது என்று கேட்டால் யாருக்கும் பெயர் தெரியாது. ஆனாலும் எல்லோரும் நம்பினோம்.

அப்படிப்பட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வீட்டைப் பார்க்க வந்தார். கூட வந்தவர்தான் கௌரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து இருபத்தைந்து வருடம். தமிழ் முகம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியே புரியவில்லை.

"பிள்ளை கதைக்கிறவவோ?"

"கதையெல்லாம் சொல்லத் தெரியாதுக்கா. பேச்சே வரல."

அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, "அதைத்தான் கேட்டனான்" என்றார்.

அதிகாரி அம்மாள் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே போனார். பிள்ளை எங்கே தூங்குகிறாள்? எங்களோடு, ஒரே கட்டிலில். எழுதினார். எப்படிச் சாப்பிடுகிறாள்? நான் ஊட்டுவேன், கையால். எழுதினார். மணிக்கட்டில் இருக்கும் தழும்பு? அவளே கடித்தது. அதை மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதினார்.

"அக்கா, அவங்க என்ன எழுதுறாங்க?"

"எல்லாம் எழுதுவினம். அது அவையின்ர வேலை. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

பயப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகுதான் பயம் அதிகமாகும். கிளம்பும்போது அந்த அம்மாள் ஜெபராஜிடம் ஏதோ ஒரு தாளை நீட்ட, அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் போனதும் கேட்டேன்.

"இன்னா கையெழுத்து அது?"

"மெர்சி கூடவே இருக்கதுக்கு ஒரு ஆள் தாராவளாம். அதுக்கு."

"ஆளா? எதுக்கு ஆளு? நம்மள வேவு பாக்கவா?"

"ஏட்டி, ஸ்கூல்ல கூட இருந்து பாத்துக்கதுக்கு. வீட்டுக்கு வரமாட்டாவ."

"அப்போ மணிக்கட்டப் பத்தி இன்னாத்துக்கு அவ்ளோ எழுதுனா?"

அவர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். தாளின் நகல் மேசைமேல் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சொல்லுக்கு 'ஒப்படைத்தல்' என்று பொருள் போட்டிருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை. உதவியாளர் வேலையை ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கிறார்கள் என்று அடுத்த சொல்லைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிள்ளையை என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஜெபராஜிடம் பொய் சொன்னேன். பள்ளியில் சொல்லவில்லை, அலுவலகத்தில் சொல்லவில்லை. பத்து நாளில் மெர்சியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். திரும்புவதில்லை என்றே மனதில் இருந்தது.

4

அப்பா கல்லுக்குண்டாக இருந்தார். அறைகள் ஆறு ஒன்பதாகியிருந்தன. நெடுஞ்சாலையைக் கடக்க முன்பு இரண்டு நிமிடம் நின்றால் போதும், இப்போது கால் மணி நேரம் ஆகிறது. அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. அண்ணி மெர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பழையதை எடுக்காமல், "சாப்ட்டியா?" என்றார். மூன்று வருடத்தில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது.

அங்கே என்ன சொன்னார்கள் என்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் அன்றே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இங்கியே இருக்கறதுன்னா மொதல்ல கார்டு வாங்கணும்" என்றார். "மாற்றுத்திறனாளி அட்டை. அது இருந்தாதான் மத்ததெல்லாம். பத்து நாள்ல ஸ்ரீபெரும்புதூர்ல கேம்ப்பு. நான் லீவு போட்டுக்கினு வரேன்."

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. காலை எட்டு மணிக்கே வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. கை கால் முடியாதவர்கள் ஒரு வரிசை, காது கேளாதவர்கள் ஒரு வரிசை, கண் ஒரு வரிசை. எங்களை நிற்கச் சொன்ன வரிசையின் பலகையில் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று எழுதியிருந்தது. நான் அதன்கீழே நிற்காமல் பக்கத்திலிருந்த தூணோரம் நின்றேன்.

எனக்கு முன்னால் வல்லத்திலிருந்து வந்த ஒரு பெண். கூட, பதினான்கு வயது மகள். அந்தப் பெண் குழந்தை அம்மாவின் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். அந்தம்மா அட்டையைப் புதுப்பிக்க வந்திருந்தார். வாங்கி எட்டு வருடமாகிறதாம்.

"கார்டு வாங்குனதால இன்னா கெடச்சுது?" என்று கேட்டேன்.

"பஸ் பாஸ் கீது. மாசா மாசம் உதவித்தொகை வருது. அத கொற சொல்லக்கூடாது."

"பேச்சு, பயிற்சி அதெல்லாம்?"

"அதுக்கு மெட்ராஸ் போவணும்னாங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு. நான் கம்பெனில ஹவுஸ்கீப்பிங். ரெண்டு நாள் லீவு போட்டா மூணாவது நாளு வராதன்னுடுவான்."

"நீங்க ஷிப்டுக்குப் போனா பொண்ண யாரு பாத்துக்கறாங்க?"

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். இவள் யார், எதற்குக் கேட்கிறாள் என்ற பார்வை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அதை இரண்டு மாதமாக நானே எல்லோர் மேலும் வீசிக்கொண்டிருந்தேன்.

"பூட்டிட்டுத்தான் போறேன்" என்றார். "தண்ணி வச்சுட்டு, சோறு வச்சுட்டு, வெளிய பூட்டு. வேற இன்னா பண்றது சொல்லு."

"யாரும் கேக்கலியா?"

"யாரு கேப்பாங்க?"

எங்கள் முறை வந்தது. டாக்டர் நடுவயதுக்காரர். காலையிலிருந்து எழுதி எழுதிக் கை சோர்ந்து, பேனாவை வைத்துவிட்டு விரலை உதறிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, உன் பேரு என்ன?"

மெர்சி மேசைமேல் இருந்த முத்திரையின் மூடியைத் திருகினாள். இரண்டு கேள்வி மெர்சியிடம், மூன்று கேள்வி என்னிடம். எழுதத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன்.

"சார், அது இல்ல சார். அவளுக்கு ஆட்டிசம். ஜெர்மனில டாக்டர் எழுதிக் குடுத்துக்கீறாங்க." கொண்டுபோயிருந்த தாள்களை நீட்டினேன்.

அவர் வாங்கிப் புரட்டினார். அலட்சியமாக இல்லை, நிஜமாகவே படிக்க முயன்றார்.

"இருக்கும்மா. எனக்கும் பார்த்தாலே தெரியுது. ஆனா இந்த ஃபார்ம்ல அந்தக் கட்டம் கிடையாது. இருக்கற கட்டத்துலதான் நான் டிக் போட முடியும்."

"இல்லாததை எழுதித் தரீங்களே சார்."

"இதை எழுதலைன்னா உங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது. இதுக்குன்னே ஆஸ்பத்திரி வரும், சட்டம் மாறும்னு எங்க மீட்டிங்ல சொல்றாங்க. வந்தா நானே சந்தோஷமா மாத்தி எழுதித் தரேன். இன்னைக்கு இதான்."

"எப்போ சார் வரும்?"

"அதை எனக்கு யாரும்மா எழுதிக் கொடுத்திருக்காங்க?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. பலகையைக் காட்டி, படிவத்தைக் காட்டி, வரிசையில் நின்றவர்களெல்லாம் கேட்கும்படி பேசினேன். பேசி முடித்துக் குனிந்தால் மெர்சி இல்லை.

5

கேட்டுக்கு வெளியே நூறடியில் பெரிய சாலை. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நேரம். நான் எந்தப் பக்கம் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், குழாயடி, கழிப்பறை. மெர்சி மெர்சி என்று கத்தினேன். கத்தும்போதே தெரிந்தது, என் பிள்ளை பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளை இல்லை. என் குரல் அவளுக்கு எந்த வழியையும் காட்டாது.

அண்ணி ஓடவில்லை. ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கிறார். பிறகு நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது, இரண்டாம் ஷிப்டுக்கு நிற்கும் பையன்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், கழுத்தில் கயிறும் அட்டையுமாக. மெர்சி ஒவ்வொருவர் முன்னாலும் போய், அவர்கள் குனிந்து கொடுக்க, கயிற்றைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்க்கொண்டிருந்தாள். பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் வரிசையைக் கலைக்கவில்லை. அண்ணி அவளுக்கும் சாலைக்கும் நடுவில் கையை விரித்தபடி நின்றிருந்தார்.

தெற்கத்திப் பையன் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "யக்கா, ஒங்க பாப்பாவா? எங்க கார்டையெல்லாம் செக் பண்ணிட்டு நிக்கா. சூப்பர்வைசர் தோத்தாரு போங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி மெர்சியைத் தூக்கவில்லை. கடைசிக் கயிறுவரை தொட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"நடுவுல இட்டாந்தா திரும்ப மொதல்லருந்து ஆரம்பிப்பா. தெரியாதா உனக்கு?" என்றார்.

ஒன்றரை வயதில் பார்த்ததை அவர் மறக்கவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை. நான் கேட்டது வேறு.

"அன்னிக்கு அந்தக் கேம்புக்குப் போயிருந்தா இன்னா ஆயிருக்கும் அண்ணி?"

அவர் யோசித்தார். "காது நல்லா கேக்குதுன்னு எழுதி அனுப்பிச்சிருப்பாங்க" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, தெரியவில்லை. நான் அந்தப் பதிலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முழுதாக நம்புவதில்லை.

வீடு திரும்பும்வரை வல்லத்துப் பெண் சொன்னதுதான் மனதில் ஓடியது. அங்கே என் பிள்ளை எங்கே தூங்குகிறாள், எப்படிச் சாப்பிடுகிறாள் என்றெல்லாம் எழுதினார்கள் என்று பயந்து ஓடிவந்தேன். இங்கே அட்டை வாங்கி எட்டு வருடமான ஒரு பெண் குழந்தை பூட்டிய அறைக்குள் இருக்கிறாள். அவளைப்பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை. அட்டையில் குறைபாடு இத்தனை சதவிகிதம் என்ற எண் மட்டும் இருக்கிறது.

மறுநாள் ஜெபராஜை அழைத்து, அப்பாவைப்பற்றிச் சொன்னது பொய் என்றேன்.

"தெரியும்" என்றார். "மாமாவே போன வாரம் எங்கிட்ட பேசுனாரு. நல்லாத்தான் இருக்கேன்னாரு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்." பிறகு அவரே சொன்னார்: "அந்த ஆள இன்னும் வேற பிள்ளைக்கு மாத்தலயாம். எடத்த வச்சிருக்காவளாம். வாரியா?"

6

திரும்பி வந்ததும் ஒன்று செய்தேன். கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கேட்கலாம், உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று கௌரி அக்காதான் சொல்லியிருந்தார். அதிகாரி அம்மாள் கொஞ்சம் திகைத்தார். ஆனால் மறுக்கவில்லை. ஒரு சின்ன அறையில், ஒரு முழு மத்தியானம், கௌரி அக்கா வரி வரியாக வாசித்தார்.

பிள்ளை பெற்றோருடன் ஒரே கட்டிலில் உறங்குகிறது, குடும்ப வழக்கம் எனத் தெரிகிறது. தாய் கையால் ஊட்டுகிறார், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது. தாய் பதற்றமாக இருக்கிறார், மொழி ஒரு காரணம். இதெல்லாம் இருந்தது. தாய் முன்னறிவிப்பின்றிப் பிள்ளையை நாட்டைவிட்டு அழைத்துச் சென்றார், அதுவும் இருந்தது. நான் சந்தேகப்பட்டது முழுப் பொய்யுமில்லை. எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

மணிக்கட்டு வரியில் கௌரி அக்கா நின்றார். தழும்பு உண்டு, பிள்ளை தன்னைத் தானே கடிப்பதாகத் தாய் கூறுகிறார். அதன்பின் ஒற்றைச் சொல்.

"இதுக்கு என்னக்கா அர்த்தம்?"

"கவனிக்கவும் எண்டு சொல்லலாம்."

"கவனிக்கவும்னா? அவளையா, என்னையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பொய் சொல்லமாட்டன் ஜெயா. பார்த்துக்கொண்டிருக்கவும் எண்டுதான் சரியா வரும். ஆரை எண்டு எழுதேல்லை."

அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் படியில் ஏறித்தான் போகிறேன்.

உதவியாளர் வந்தார். தினமும் மெர்சியின் பக்கத்தில் உட்காருகிறார். படங்கள் ஒட்டிய ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். மெர்சி அதில் தண்ணீரைத் தொட்டால் தண்ணீர் வரும், கதவைத் தொட்டால் வெளியே போகலாம். பேச்சு வரவில்லை. கையைக் கடிப்பது குறைந்திருக்கிறது. இந்த வருடத் தொடக்கத்தில், ஆட்டிசம் பற்றி அரசு உதவியோடு நடக்கும் ஓர் ஆராய்ச்சிக்கு மெர்சியின் எச்சிலும் எங்கள் எச்சிலும் வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. நான் முப்பது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். யார் வைத்திருப்பார்கள், எத்தனை வருடம், யாருக்கு விற்பார்கள், என் பிள்ளைக்கு இதனால் என்ன. கடைசிக் கேள்விக்கு அந்த ஆராய்ச்சியாளர், "உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பின்னால் வரும் பிள்ளைகளுக்கு இருக்கலாம்" என்றார். ஒளிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகவே கையெழுத்துப் போட்டேன். ஆனால் கொடுத்ததை எந்த நேரத்திலும் திரும்பக் கேட்டு வாங்கலாம் என்ற வரியை என் கண் முன்னால் எழுத வைத்துவிட்டுத்தான்.

7

அண்ணி இப்போது எடைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, தன் சொந்தக் கையால் ஒரு கணக்கு எழுதி வருகிறார். எந்தப் பிள்ளை முகம் பார்க்கிறது, எந்தப் பிள்ளை விரல் நீட்டிக் கேட்கிறது என்று. சோதனைக்கு வந்த மேற்பார்வையாளர், அரசாங்கப் பதிவேட்டில் இதென்ன கிறுக்கல் என்று சத்தம் போட்டாராம். அண்ணி சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு, மறுவாரமும் எழுதியிருக்கிறார்.

முந்தாநாள் அழைத்தார். "ஒருத்தி கீறா. அவ பொண்ணுக்கு ரெண்டு வயசு. சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீ பேசறியா?"

மத்தியானம் அந்தப் பெண்ணை அழைத்தேன். பெயர் சுமதி. புருஷன் இருங்காட்டுக்கோட்டையில் வேலை.

"நீ யாரு? எதுக்கு என் புள்ளயப் பத்திக் கேக்குற?" என்றாள் எடுத்த எடுப்பில்.

நான் லதா அண்ணியின் நாத்தனார் என்றேன். உடனே அவள் குரல் மாறியது. "ஓ, நீதானா அது? உன் புள்ளய அந்த ஊரு கவர்மெண்டு எடுத்துக்கினு போய்ட்டாங்களாமே? அதுக்குத்தானே நீ அழுதுக்கினே இங்க வந்த?"

பென்னலூரில் இப்படி ஒரு கதை ஓடுவது அன்றுதான் எனக்குத் தெரியும். எந்த வாயில் புறப்பட்டது என்று கேட்டால் அவளுக்கும் பெயர் தெரியாது.

"யாரும் எடுக்கல. இங்கதான் கீறா."

"எங்க, காட்டு பாக்கலாம்."

வீடியோவைப் போட்டு போனைத் திருப்பினேன். மெர்சி சன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பலகையின் படங்களைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டேன். சுமதி வெகுநேரம் பார்த்தாள்.

"என்னுதும் இப்டித்தான் கீது" என்றாள்.

பிறகு, "எங்க போவணும்?" என்று கேட்டாள்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர், படிவத்தில் ஆட்டிசத்துக்குக் கட்டம் வந்துவிட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது. அங்கே இப்போது என்னென்ன திட்டம் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று செய்தியில் படிக்கிறேன். படிப்பதையெல்லாம் நான் நம்புவதில்லை. அவளை நம்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நாளைக்கு அண்ணியோட சுகாதார நிலையத்துக்குப் போ" என்றேன். "அவங்க எழுதறத வாங்கிப் படி. புரியலன்னா கேளு. படிக்காம கையெழுத்துப் போடாத."

"ஒண்ணுமே எழுதலன்னா?"

"எழுதற வரைக்கும் அங்கியே உக்காரு" என்றேன்.